புறக்கோட்டைப் பழைய கடைகள்: உதவி தேவை

வணக்கம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்கு முன்னர் கொழும்பு புறக்கோட்டையில் இயங்கிய தமிழர் கடைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வருகிறேன். யோர்க் வீதியில் 1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடம் போன்றவற்றைப் பற்றித் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் செட்டியார் தெரு நகைக்கடைகளிலும் பிரதான வீதிப் புடவைக் கடைகளிலும் பல அந்தக் கலவரத்தில் கணக்கேடுகளோடு எரிந்துபோனதால், எஞ்சியவை வீட்டு அலுமாரிகளில்தான் இருக்கக்கூடும். கடையின் பெயரும் இலக்கமும் அச்சிட்ட பற்றுச்சீட்டு, துணிப்பை, கலண்டர் (சாமி படம் போட்டது என்றால் எறிந்திருக்க மாட்டார்கள்) எதுவாயினும் படமெடுத்து அனுப்புங்கள். அங்கே கணக்கப்பிள்ளையாகவோ விற்பனையாளராகவோ வேலை செய்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை இருந்தது என்பதை அவர்களிடம் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.