கைவிடப்பட்ட எரிவாயுக் கிணறுகளை மூடும் செலவு யாருடையது?

வினா (திருப்பூர்): அமெரிக்காவில் உரிமையாளர் இல்லாமற்போன எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை மூட 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 470 கோடி டாலர் ஒதுக்கியது. நிறுவனங்களிடம் முன்கூட்டியே பிணைத்தொகை வாங்கியும் பொதுப்பணம் ஏன் தேவைப்படுகிறது?

மறுமொழி (கோவை): ஐயா, அந்தப் பிணைத்தொகை மிகச் சிறியது. கூட்டாட்சி நிலங்களில் ஒரு குத்தகைக்கு 1960-இல் வைத்த 10,000 டாலர் என்ற குறைந்தபட்சத் தொகை 2024-இல்தான் 1,50,000 ஆனது. சிமெண்ட் இட்டு ஒரு கிணற்றை அடைக்கவே பல்லாயிரம் டாலர் ஆகும் நிலையில், பெரிய நிறுவனங்கள் வற்றிய கிணறுகளைச் சிறியவற்றுக்கு விற்றுவிட, அவை திவாலானதும் செலவு அரசின் தலையில் விழுகிறது.

மறுமொழி (சென்னிமலை): நம் ஒரத்துப்பாளையம் அணையையே பாருங்கள். நொய்யலில் பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கிய பின், யார் பணம் தருவது என்பது நீதிமன்றம் வரை சென்றது.

வினவியவர்: அப்படியானால் உரிமம் தரும்போதே முழுச் செலவையும் வாங்கிவிடலாமே? சிறு பட்டறைக்காரர் தாங்குவாரா என்பதுதான் ஐயம்.

மறுமொழி (கோவை): உற்பத்திக்கேற்ப ஆண்டுதோறும் பிடித்துக்கொள்ளலாம், தொழில் ஓடும்போதுதான் கையில் பணம் இருக்கும்.