5.6 ஜிபி ஸிப் ஃபைல் பென் டிரைவில் ஏறவில்லை, உதவி தேவை

ஹட்டன் மலர்: வணக்கம். எங்கள் தோட்டத்து லயங்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்தேன். பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள், 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் எழுதிய கடிதங்கள். எல்லாம் ஜேபெக் படங்கள். ஒரே ஸிப்பாகக் கட்டியும் அளவு குறையவில்லை. 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும், ஃபைல் பெரிது என்று நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பதுளை ரயிலில் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

தலவாக்கலை ரவி: டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கும். அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய வடிவுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கிய படம். பிழிந்த துணியை மறுபடி பிழிந்து என்ன வரப்போகிறது?

ஹட்டன் மலர்: 7-ஸிப் மென்பொருளில் துண்டு துண்டாகப் பிரிக்கலாம் என்கிறார்களே, அண்ணா?

பண்டாரவளை செல்வம்: பிரிக்கலாம், தங்கச்சி. .001, .002 என்று வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து முதலாவதைத் திறக்க வேண்டும். ஆனால் ஒரு துண்டு தொலைந்தால் மற்றவையும் ஒழுங்காகத் திறக்காது. மறுபடி கிடைக்காத பத்திரங்களுக்கு அது வேண்டாம்.

குடும்பத்துக்கு ஒரு ஸிப் கட்டுங்கள். ஸிப்பில் ஒவ்வொரு படமும் தனித்தனியாகவே சுருங்கும், ஒன்று கெட்டாலும் மற்றதை எடுக்கலாம். 7-ஸிப்பின் சொந்த வடிவமான 7இசட் பல ஃபைல்களைச் சேர்த்துச் சுருக்குவதால் ஒரு சேதம் பல படங்களைப் பிடிக்கும். அப்புறம், ஸிப்பின் உள்ளடக்கப் பட்டியல் ஃபைலின் கடைசியில்தான் இருக்கிறது. கொப்பி ஆகும்போது கரண்ட் போனால் அந்த வால்தான் விடுபடும், விண்டோஸ் திறக்க மறுக்கும். சிறிய ஸிப் என்றால் அதை மட்டும் மறுபடி போட்டால் போதும். சுருக்க அளவை 'ஸ்டோர்' (சுருக்காமல் அப்படியே கட்டுவது) என்று வையுங்கள், வேலை சீக்கிரம் முடியும். பென் டிரைவில் போட்ட பிறகு, டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, அங்கிருக்கும் ஃபைலையே 7-ஸிப்பில் 'டெஸ்ட்' செய்யுங்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

ஹட்டன் மலர்: 43 குடும்பம், 43 ஸிப். டிரைவை ஃபார்மட் செய்யாமலே எல்லாம் ஏறியது. டெஸ்ட் செய்ததில் ஒன்று சிஆர்சி பிழை காட்டியது, அதாவது ஃபைல் சேதமாகியிருக்கிறது. பெரியம்மா தமிழ்நாட்டு மண்டபம் முகாமிலிருந்து எழுதிய கடிதம் அதில்தான் இருந்தது, நெஞ்சு பதறிவிட்டது. வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி கொப்பி எடுத்தேன், இப்போது பிழை இல்லை. கம்ப்யூட்டரில் உள்ளதை அழிக்கப் போவதில்லை. மிக்க நன்றி, அண்ணா.