துப்பாக்கி வேலைக்கு ஸ்க்ரூடிரைவர் செட்: எதை நம்பி வாங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கம்பம்மெட்டு_ஏலம்

தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திருப்பி வாங்கினோம். தாத்தா காலத்து வெப்லி ஸ்காட், 12 போர், டபுள் பேரல். மலைச் சாரலில் மூடிக் கிடந்ததில் உள்ளே துரு ஏறி, டிரிகர் இறுகிவிட்டது. லைசென்ஸ் உள்ள கடையில்தான் கொடுத்தோம். அங்கிருந்த பையன் ஆசாரிகள் வைத்திருக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தின் (டிரிகர் கார்டு) ஸ்க்ரூவில் வைத்து ஒரே திருப்பு. நுனி ஸ்க்ரூ தலையில் உள்ள காடியை, அதாவது வெட்டுப் பள்ளத்தை, விட்டு மேலே ஏறி, பூவேலை செய்த தகட்டின் மேல் கோடு கிழித்துக்கொண்டு போய்க் கட்டையில் குத்தி நின்றது. பர்மிங்காமில் யாரோ கையால் வெட்டிய இலைக்கொடி அது. அதன் நடுவே இப்போது வெள்ளை வெளேரென்று ஒரு கீறல். இன்றைக்கும் கண் முதலில் அங்கேதான் போகிறது.

அப்புறம் கோட்டயம் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் காடியை ஊசியால் சுத்தம் செய்தார். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காடியில் வைத்துப் பார்த்தார், எண்ணெய்க்கல்லில் நாலு இழுப்பு இழுத்தார், மறுபடி வைத்தார். கையை எடுத்தார். ஸ்க்ரூடிரைவர் விழவில்லை, சாயவும் இல்லை, ஸ்க்ரூ தலைமேல் செங்குத்தாக நின்றது. “இனி திரிக்காம்” என்றார், இனித் திருகலாம் என்று.

அந்த மாதிரி ஒரு செட் வீட்டில் இருக்க வேண்டும். இனி எந்தக் கடைக்குப் போனாலும் இதை வைத்துத் திறங்கள் என்று கையில் கொடுக்கலாம் அல்லவா? எதை வாங்குவது?

வாளையார்_177

என்னிடம் இருப்பது ஏர் ரைபிள், ஸ்பிரிங் வகை. இதிலே ஸ்க்ரூ விஷயம் வேறு மாதிரி. ஒவ்வொரு சுடுதலுக்கும் ஸ்பிரிங் முன்னும் பின்னுமாக உலுக்குவதால் முன்கட்டையின் இரண்டு பக்க ஸ்க்ரூவும் தானாகவே தளரும். பயிற்சி இடத்தில் ஒருநாள் என் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. மூச்சு, பிடிப்பு, ஸ்கோப் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து லேனில் இருந்த சீனியர் எதுவும் பேசாமல் வந்து, கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டுகிற நுனி, அதாவது பிட், ஒன்றை எடுத்து இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிவிட்டுப் போனார். அடுத்த ஐந்து குண்டும் ஒன்றின் மேல் ஒன்று.

அவர் வைத்திருந்தது வீலர் கம்பெனியின் 89 துண்டு செட். ஒரு கைப்பிடி, கால் அங்குல அறுகோணப் பிட்டுகள், தட்டை நுனியிலேயே அகலமும் கனமும் மாற்றி மாற்றி வரிசையாக. அதை வாங்குங்கள் அண்ணே, வேலை முடிந்தது. ஆன்லைனில் ‘துப்பாக்கி செட்’ என்று விற்கிற மலிவு சரக்கெல்லாம் வேண்டாம். என் நண்பன் வாங்கியதில் பிட் நுனி முதல் வாரமே முறுக்கிக்கொண்டது. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குக்குப் பெரும்பாலும் நட்சத்திர வடிவ நுனியான டி15 டார்க்ஸ்தான் வரும், அது செட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலமநேர்_ஆர்மரர்

குடியாத்தத்துக்காரன், இப்போது குடியிருப்பது ஆந்திரப் பக்கம். ராணுவத்தில் ஆயுதப் பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

வாளையார் தம்பி, 89 துண்டு வாங்கினால் வேலை முடிந்தது என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பெட்டியில் எத்தனை இருந்தாலும் உங்கள் ஸ்க்ரூவுக்குப் பொருந்துவது இல்லை என்றால் அந்தச் செட் தண்டம். முதல் தம்பி சொன்ன பழைய இங்கிலீஷ் துப்பாக்கியில் காடி மிகமிக மெல்லியது. அதற்கு நேராகப் பொருந்துகிற பிட் கடையில் கிடைப்பது கஷ்டம். அடுத்த அளவு தடிமனில் வாங்கி, அந்த ஸ்க்ரூவுக்கென்றே தேய்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் வழுக்குகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவரின் நுனி ஆப்பு வடிவம், மேலே போகப்போகத் தடிக்கும். காடியின் சுவரோ நேர். அதனால் ஆப்பு காடியின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். திருகும்போது விளிம்பு நசுங்கும், நுனி மேலே ஏறும். துப்பாக்கி வேலைக்கான நுனியை இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். காடிக்குள் போகும் பகுதி மட்டும் இருபுறமும் சமகனமாக இருக்கும், அதனால் அடிவரை இறங்கி முழுச் சுவரையும் பிடிக்கும். நுனியின் அகலம் ஸ்க்ரூ தலையின் அகலத்தோடு நிற்க வேண்டும். கூடினால் சுற்றியுள்ள தகட்டைக் கீறும், குறைந்தால் காடியின் நடுவைத் தின்னும். ஸ்க்ரூடிரைவர் நிற்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இம்மியும் ஆடக் கூடாது.

நுனியைத் தேய்க்கும்போது அவசரம் கூடாது. கிரைண்டரில் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். நுனி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். இறுகிய ஸ்க்ரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். துப்பாக்கியை மெத்தை வைத்த வைஸில் பிடித்து, உடம்புக் கனத்தை நேராக நுனி மேல் இறக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். அசையவே இல்லையென்றால் சால்டரிங் அயர்னைத் தலையில் வைத்துச் சூடு ஏற்றலாம்.

என் அனுபவம் ஒன்றே ஒன்று. பழைய ராணுவ ரைபிளான .303 எஸ்எம்எல்இ-யில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் சதுர முனை, முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் உட்கார்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றிய பிறகே அந்த போல்ட்டைத் தொட வேண்டும். ஒரு புதுப் பையன் நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு நேரே திருகினான். வால்நட் கட்டை ‘டப்’பென்று பிளந்த சத்தம் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்டது. அவன் கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் முதல் தரம்.

இன்னொன்று. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவுப்படி, ரிப்பேர் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். செட் வாங்கிவிட்டேன் என்று அக்கம்பக்கத்துத் துப்பாக்கியை எல்லாம் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

புளியரை_தோப்பு

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் இரண்டு பேருமே பிட் பற்றியே பேசுகிறீர்கள். பிட் ஹோல்டரின் தடித்த கழுத்து போகாத இடங்கள் உண்டு.

அப்பாவின் துப்பாக்கி இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. ஓவர் அண்டர், அதாவது ஒரு பேரல் மேல் இன்னொன்று இருக்கும் வகை. பின்கட்டை லேசாக ஆடியது. கட்டையின் பின்னால் இருக்கும் ரப்பர் பேடைக் கழற்றினால்தான் உள்ளே போல்ட் தெரியும். பேடைப் பிடித்திருக்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூ ரப்பருக்குள் புதைந்திருக்கும், வெளியே சின்னப் பிளவு மட்டும்தான். ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு கடைக்காரர், வழுவழுப்பான உருண்டைத் தண்டுள்ள ஒற்றை ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவி அந்தப் பிளவில் வைத்தார். ரப்பர் வாயைத் திறந்து விழுங்கியது மாதிரி உள்ளே போனது. ஸ்க்ரூ வந்த பிறகு பிளவு மூடிக்கொண்டது, கிழிசல் இல்லை. அறுகோண ஹோல்டரை விட்டிருந்தால் ரப்பர் பிய்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை. நீள ஸ்க்ரூடிரைவரை விடுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். ஆழத்தில் போல்ட் தலை, அதைச் சுற்றி மரம். பார்க்காமல் விட்டால் நுனி போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கிவிடுமாம். அப்படியே திருகினால் கட்டையின் கழுத்து பிளக்கும்.

பன்றிக் கூட்டம் ராத்திரிக்கு ராத்திரி மரவள்ளியைத் தோண்டுகிறது. 2022-ல் கேரளத்தில் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இன்னும் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறோம். சரி, அது வேறு கதை.

வாளையார்_177

ஆர்மரர் சார், தேய்த்துக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். கிரைண்டர் பழக்கம் இல்லாதவர் தேய்த்தால் நுனி கோணலாகிவிடும், அது ஆப்பு நுனியை விட மோசம். அதனால்தான் செட் என்றேன்.

பலமநேர்_ஆர்மரர்

கிரைண்டர் வேண்டாம், எண்ணெய்க்கல் போதும். கோட்டயத்துப் பெரியவர் செய்தது அதுதான். குழிவாகச் சாணை பிடித்த பிட்டாகவே வாங்கி, தட்டையான கல்லில் படுக்கவைத்து இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். நாலு இழுப்புக்கு ஒருமுறை காடியில் வைத்துப் பாருங்கள்.

கம்பம்மெட்டு_ஏலம்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, ஒரே ஒரு கேள்வி. கெட்டுப்போன அந்த ஸ்க்ரூவை மாற்றிவிடலாமா? கடையில் புது ஸ்க்ரூ போட்டுத் தருகிறேன் என்கிறார்கள்.

பலமநேர்_ஆர்மரர்

மாற்றாதீர்கள் தம்பி. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அதனதன் துளைக்கென்று செய்தது. முழுக்க இறுகும்போது காடி பேரலுக்கு நேர்கோட்டில் வந்து நிற்கும். பொதுவான ஸ்க்ரூ போட்டால் மரையும் பொருந்தாது, காடியும் கோணலாக நிற்கும். விளிம்பில் பிதுங்கிய இரும்பைச் சின்னச் சுத்தியால் மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளி, காடியை மெல்லிய அரத்தால் சீர்செய்யலாம். கோட்டயத்துப் பெரியவரிடமே கொடுங்கள். கழற்றும்போது எந்த ஸ்க்ரூ எந்தத் துளை என்று அட்டையில் குத்தி எழுதி வையுங்கள்.