செடோனா: எர்ன்ஸ்டும் டானிங்கும் கட்டின வீட்ட அப்பாகூட போய் பாத்தது

போன மார்ச்ல அப்பா எங்ககூட ஃபீனிக்ஸ்ல இருந்தப்போ ஒரு சனிக்கிழமை அதே அரிசோனா மாநிலத்துல இருக்கிற செடோனா கிளம்பினோம். எல்லாரும் செம்பாறை பாக்க போவாங்க, நான் போனது ப்ரூவர் ரோட்டுல இருக்கிற ஒரு சின்ன வீட்டுக்காக, ஓவியர்கள் மேக்ஸ் எர்ன்ஸ்டும் அவர் மனைவி டொரோதியா டானிங்கும் 1946ல இருந்து சில வருஷம் வாழ்ந்த வீடு. தனியார் இடம், முன்னாடியே எழுதி கேட்டு சரின்னு பதில் வந்தப்புறம்தான் போனோம், திடீர்னு போய் நிக்காதீங்க ப்ளீஸ்.

எர்ன்ஸ்ட் ஜெர்மன்காரர், ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சதும் பிரான்ஸ்ல எதிரி நாட்டுக்காரன்னு முகாம்ல அடைச்சாங்க, 1941ல தப்பிச்சு அமெரிக்கா வந்தார். அரிசோனா வழியா வந்தப்போ, ஐரோப்பால இருக்கும்போது தான் கற்பனையா வரைஞ்ச நிலம் நிஜமாவே கண்ணு முன்னாடி நிக்குதேன்னு அசந்துபோனாராம். டானிங்க சந்திச்சது 1942ல நியூயார்க்ல, பெண் ஓவியர்கள் கண்காட்சிக்கு ஓவியம் தேர்ந்தெடுக்க அவங்க வீட்டுக்கு போனவர் படம் வரையற ஸ்டாண்டுல இருந்த அவங்க சுய ஓவியத்துக்கு 'பர்த்டே'ன்னு பேர் வெச்சுட்டு, அப்படியே உக்காந்து செஸ் ஆடியிருக்கார்.

அப்பா நாப்பது வருஷம் கொத்தனார் வேலை பாத்தவர். வழியில கார்ல சர்ரியலிசம், அதாவது கனவு மாதிரி விசித்திரமா வரையற அவங்களோட கலை பாணி, பத்தி நான் சொன்னதையெல்லாம் பேசாம கேட்டுட்டு வந்தார். வீட்டுக்கிட்ட போனதும் நேரா சுவத்துக்கு போய் கைய வெச்சு தடவிப் பாத்தார், இது மேஸ்திரி வெச்சு கட்டினது இல்லப்பா, வீட்டுக்காரனே கட்டிருக்கான்னார். எனக்கு சிலிர்த்துப்போச்சு, ஏன்னா அது நிஜம், எர்ன்ஸ்ட் தன் கையால கட்டின வீடு அது, அத நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல.

அடுத்த கேள்வி, தண்ணி எங்கருந்து எடுத்தாங்க? ஆரம்பத்துல குழாயே கிடையாது, வெளிய போய் கொண்டுவரணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னார்.

அப்போ போன்ல 'கேப்ரிகார்ன்' சிற்பத்த காட்டினேன், கொம்பு வெச்ச ராஜா, பக்கத்துல மீன்வால் ராணி, 1948ல இந்த முற்றத்துலதான் சிமெண்ட்ல பண்ணார், பழைய கார் ஸ்பிரிங், பால் பாட்டில் எல்லாம் சேத்து. வாஷிங்டன் நேஷனல் கேலரில அதோட வெண்கல வார்ப்ப நான் முன்னாடியே பாத்திருக்கேன், கம்பீரமா இருந்துச்சு, அவ்வளவுதான். அப்பா படத்த பெருசாக்கி பாத்துட்டு, இவ்வளவு கனமான சிமெண்ட்டுக்கு இந்த வெயில்ல ஒரு வாரமாவது நனைச்சுகிட்டே இருக்கணும், இல்லன்னா வெடிச்சுடும், குடிக்கிற தண்ணிய சுமந்துட்டு வர்றவன் இத பண்ண முடியாதுன்னார். வீட்டுக்கு குழாய்த் தண்ணி வந்தப்புறம்தான்ப்பா பண்ணார், அந்த சந்தோஷத்துலதான்னு சொன்னேன். அதான பாத்தேன்னார். அந்த சிற்பத்த பத்தி எவ்வளவோ படிச்சிருக்கேன், அன்னிக்குதான் அது மனசுல இறங்குச்சு.

டானிங்க பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், பல பேர் அவங்கள எர்ன்ஸ்ட் மனைவின்னு ஒரு வரில முடிச்சுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். 1944ல அவங்க வரைஞ்ச ஒரு சுய ஓவியம் இருக்கு, பெரிய பாலைவெளி, முன்னாடி முதுகு காட்டி நிக்கிற குட்டி உருவம். முற்றத்துல நின்னு அந்த பாறைங்கள பாத்தப்போ அந்தப் படம்தான் ஞாபகம் வந்துச்சு, உண்மையிலேயே அந்த சைஸ்தான் மனுஷன் தெரியறான். அப்போ ஊர்லயே சில நூறு பேர்தான். இந்த வெயில்லயும் செம்மண் தூசிலயும் விடாம வரைஞ்சவங்க, 2012ல 101 வயசுல இறந்தாங்க.

கிளம்பும்போது அப்பா திரும்பவும் போய் அந்த சுவத்துக்கிட்ட நின்னார். வெயில் ஏறிடுச்சு வாங்கப்பான்னு கூப்பிட்டேன். "இரு, அந்த மூலைய இன்னொரு தடவ பாத்துட்டு வரேன்"னார்.