ஸ்லாக் கீ கிட்டாருக்குத் தமிழ்ச்சொல் (வியாழனுக்குள் வேண்டும்)

தும்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரிச் சமுதாய வானொலிக்காக ஹவாய் இசைத்தட்டுகளைப் பற்றி ஒரு தொடர் செய்கிறேன். முதல் பகுதி கேபி பஹினுயி. வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு, உரையை வியாழன் இரவே கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் முதல் பத்தியிலேயே வந்துவிட்டது. அவர் வாசிப்பது ஸ்லாக் கீ கிட்டார். ஹவாய் மொழியில் கீ ஹோஆலு. கிட்டாரின் வழக்கமான சுருதியில் ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்திகளை மட்டும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் டி, ஜி, டி, ஜி, பி, டி என்று நிற்கும். இடக்கை எதையும் தொடாமல் சும்மா மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும். கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் தாளநடை போட, மற்ற விரல்கள் மேலே பாட்டை வாசிக்கும். ஒரே ஆள் வாசிப்பதை இரண்டு பேர் என்று சத்தியம் செய்வீர்கள். இந்தச் சுருதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'டாரோ வயல்'. டாரோ என்றால் நம் சேப்பங்கிழங்குதான்.

வாசிப்பவர்கள் அந்தக் காலத்தில் தங்கள் சுருதிகளைக் குடும்பத்துக்கு வெளியே சொல்ல மாட்டார்கள். 1990களில் டான்சிங் கேட் நிறுவனம் வெளியிட்ட வட்டுகளில்தான் பாட்டுக்குப் பாட்டு இன்ன சுருதி என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்புகளை மொழிபெயர்க்கும்போதுதான் சொல் இல்லாமல் நிற்கிறேன். உதவுங்கள்.

நெல்லையார் எழுதியது:

தும்பி, இதற்கு ஏன் கலக்கம்? 'நரம்பின் மறை' என்று தொல்காப்பியர் இசைநூலையே சுட்டுகிறார். யாழில் கட்டியது நரம்பு. அதைத் தளர்த்தினால் தளர்நரம்பு. தளர்ந்த, தளர்கின்ற, தளரும் நரம்பு; முக்காலமும் அடங்கிய வினைத்தொகை. இதைவிட என்ன வேண்டும்? கானல்வரியில் மாதவி யாழை வாங்கியதும் முதலில் செய்வது பண்ணல், அதாவது நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பது. அந்த ஹவாய்க்காரர் செய்வதும் பண்ணலேதான். வேண்டுமானால் 'தளர்பண்ணல்' என்றும் எழுதலாம்.

கட்டைவிரல் எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். வானொலியில் 'தளர்நரம்பு' என்று ஒருவர் சொன்னால் கேட்பவன் அடுத்து லாட்ஜ் அறை எண்ணையும் மாதத்தில் எந்தத் தேதியில் வைத்தியர் வருகிறார் என்பதையும் எதிர்பார்ப்பான். நரம்புத் தளர்ச்சி விளம்பரம் எழுதாத சுவர் தமிழ்நாட்டில் எது? பாவம் கேபி பஹினுயி.

நான் கிட்டார் வாசிக்கிறவன். நாங்கள் 'தந்தியை இறக்கு', 'கட்டையை இறக்கு' என்றுதான் சொல்வோம். கட்டை ஆர்மோனியத்தின் கீயிலிருந்து வந்த பேச்சு. ஆகவே 'இறக்குக்கட்டை'. கீயும் வந்துவிட்டது, ஸ்லாக்கும் வந்துவிட்டது.

நெல்லையார் எழுதியது:

சுவரொட்டிக்காரன் கெடுத்த சொல்லை நாம் மீட்க வேண்டும், கைவிடக் கூடாது. நாற்றம் என்ற சொல்லையும் இப்படித்தான் விட்டுக்கொடுத்தோம்.

யாழினி எழுதியது:

கட்டைவிரல் அண்ணா, கட்டையை இறக்கிறது எண்டால் பாட்டு முழுவதையும் கீழ்ச் சுருதிக்குக் கொண்டுபோறது. இஞ்ச அப்படி இல்லையே. மூண்டு தந்தி இறங்குது, மற்ற மூண்டும் அசையேல்லை. இறக்குக்கட்டை எண்டால் பாட்டுக்காரருக்குத் தொண்டை சரியில்லை எண்டுதான் நினைப்பினம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. எங்கட அப்பா ரேடியோவில 'ஹவாயன் கிற்றார்' எண்டு கேட்டது மடியில் வைத்து உருக்குக் கோலை இழுத்து வாசிக்கிறது. வான் ஷிப்லி சினிமாப் பாட்டு வாசிப்பாரே, அது. தும்பி சொல்லுறது அதில்லை. புதுச் சொல் இந்த இரண்டையும் பிரிச்சுக் காட்ட வேணும்.

தும்பி எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள், அக்கா. உருக்குக் கோல் வாசிப்பு 1880களின் இறுதியில் ஓஆஹு தீவின் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஸ்லாக் கீ அதற்கும் மூத்தது. 1793இல் கேப்டன் வான்கூவர் மன்னருக்கு மாடுகள் பரிசளித்தார். அவை காட்டில் பெருகித் தொல்லையானதும் 1830களில் மூன்றாம் கமேஹமேஹா காலத்தில் மெக்சிகோவிலிருந்து வாக்கேரோக்கள் என்ற மாடு மேய்ப்பவர்களை வரவழைத்தார்கள். கிட்டார் அவர்களோடு வந்தது. மேய்ப்பர்கள் ஊர் திரும்பிய பின் ஹவாய்க்காரர்கள் தங்கள் காதுக்கு ஏற்றபடி தந்திகளை இறக்கிக்கொண்டார்கள் என்பது பரவலான கதை. இசைத்தட்டு வரலாறு 1940களில் கேபி பதிந்த 'ஹிஇலாவே'யிலிருந்து தொடங்குகிறது. வைபியோ பள்ளத்தாக்கின் அருவியைப் பற்றிய பாட்டு. கேட்டுவிட்டுச் சண்டை போடுங்களேன்!

அகரமுதலன் எழுதியது:

கீ ஹோஆலு என்ற பெயரையே யாரும் கவனிக்கவில்லை. கீ என்பது நம் 'கீழ்'. ஆலு என்பது ஆலுதல். மயில் ஆலும் என்று சங்கப் பாடல் முழுக்க வருகிறது. கீழிறங்கி ஆலுவது கீழாலு. கடலோடிய தமிழன் பசிபிக்கில் விட்டுவந்த சொல்லை நாம் இங்கே தேடிக்கொண்டிருக்கிறோம். சொல் 'கீழாலி' என்று இருக்கட்டும்.

கட்டைவிரல் எழுதியது:

ஐயா, அந்தக் 'கீ' ஆங்கிலத்திலிருந்து ஹவாய் மொழி கடன் வாங்கியது. கிட்டாரே 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. கடலோடிய தமிழனை இந்த ஒருமுறை கரையில் இருக்க விடுங்கள்.

யாழினி எழுதியது:

அதிலும் பாருங்கோ, ஹோ எண்டது அவையின்ர மொழியில் பிறவினை முன்னொட்டு. ஆலு எண்டால் தளர்வு, ஹோஆலு எண்டால் தளர்த்து. அப்ப தன்வினையில் 'தளர்' எண்டு எழுதுறது பிழை. தானாகத் தளர்ந்தது பழுதுபட்ட கிற்றார். வாசிக்கிறவர் வேணுமெண்டு தளர்த்தினதுதான் இது. 'தளர்த்துதந்தி' எண்டு வரவேணும்.

கட்டைவிரல் எழுதியது:

'தளர்த்துதந்தி'. ஐந்து தகரம், நடுவில் மூச்சு விட இடமில்லை. அறிவிப்பாளரை நினைத்துப் பாருங்கள், அக்கா.

தும்பி எழுதியது:

சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது முறை நாக்கு சுளுக்கியது. 'நெகிழ்தந்தி' எப்படி?

நெல்லையார் எழுதியது:

தந்தி வடசொல். அதோடு அஞ்சலகத்தில் வந்த தந்தியும் நினைவுக்கு வரும். நரம்புக்கு விளம்பரம் தடை என்றால் தந்திக்கு மரண அறிவிப்பு தடையில்லையா? எங்கள் தெருவில் தந்தி என்றாலே ஒப்பாரிதான்.

கட்டைவிரல் எழுதியது:

தந்தி சேவையை நிறுத்தியது 2013இல். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இருக்காது. 'நெகிழ்' வேண்டாம் தும்பி. நெகிழி என்றால் இப்போது பிளாஸ்டிக். நெகிழ்தந்தி என்றால் நைலான் தந்தி என்று நினைப்பார்கள், கிட்டாரில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது.

தும்பி எழுதியது:

அப்படியென்றால் 'தளர்சுருதி'?

கட்டைவிரல் எழுதியது:

வேண்டவே வேண்டாம். சுருதி தளர்ந்தது என்றால் இசைக்காரன் காதில் அது வசை. ஸ்லாக் கீ வாசிக்கும் ரே கேனுக்கு 1987இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்தார்கள், சுருதி விலகியதற்கா?

அகரமுதலன் எழுதியது:

கீழாலியை யாரும் மறுக்கக் காணோம்.

தும்பி எழுதியது:

இடையில் இன்னொன்றும் தேவை. 'வஹினே' சுருதிகள் என்று ஒரு வகை உண்டு. வஹினே என்றால் பெண். டாரோ வயலில் ஜியாக இருந்த மூன்றாவது தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்கினால் ஜி வஹினே. அந்தத் தந்தியை மீட்டிய கையோடு இடக்கை விரலால் ஒரு தட்டு தட்டி ஆதாரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அந்தத் தட்டலில்தான் அழகு.

நெல்லையார் எழுதியது:

பொறுங்கள். ஜி ஆதாரம் என்றால் எஃப் ஷார்ப் நிஷாதம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற வரிசையில் ஏழாவது தாரம். பெண் சுருதியை அடையாளம் காட்டும் நரம்பு தாரம்! தாரம் என்றால் மனைவி! குரலும் தாரமும் அடுத்தடுத்து நின்று, தாரம் குரலைச் சேர்கிறது. இதைத் 'தாரப்பண்ணல்' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

யாழினி எழுதியது:

ஐயா, மனைவி எண்ட தாரம் வடமொழி. காலையில் தந்தி வடசொல் எண்டு தள்ளினது நீங்கள்தானே?

நெல்லையார் எழுதியது:

இசைத் தாரம் தமிழ். மற்றது எதுவானாலும் கேட்பவன் காதில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஒலிக்கட்டுமே.

கட்டைவிரல் எழுதியது:

சொல் பொருந்துகிறதோ இல்லையோ, தாரப்பண்ணல் அழகாக இருக்கிறது. எடுத்துக்கொள், தும்பி. வேடிக்கை என்னவென்றால், கேபியோடு 1970களில் வாசித்த அமெரிக்கக் கிட்டார்க்காரர் ரை கூடர்தான் பின்னால் மோகன வீணை விஸ்வமோகன் பட்டோடு வாசித்து 1994இல் கிராமி வாங்கினார். அதற்கும் முன்பே, 1940களில், டௌ மோ என்ற ஹவாய் இசைக்காரரின் குடும்பம் கொல்கத்தாவில் தங்கி உருக்குக் கோல் கிட்டாரைப் பரப்பியது. நம் சித்திரவீணையிலும் கட்டையால் இழுத்துத்தான் வாசிக்கிறோம்...

யாழினி எழுதியது:

அது அடுத்த பகுதிக்கு, அண்ணா. நாளைக்கு வியாழன்.

தும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'தளர்தந்தி' என்று எழுதிவிட்டேன். பெயராக நிற்கும்போது 'தளர்தந்திக் கிட்டார்', ககரம் மிகும். முதல் இடத்தில் மட்டும் 'ஸ்லாக் கீ எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். பிறவினை வாதம் சரிதான் அக்கா, ஆனால் வினைத்தொகைக்குள் யார் தளர்த்தினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். வஹினேவுக்குத் தாரப்பண்ணல். டாரோ வயலுக்குச் 'சேம்புவயல்'. இதற்கு மட்டும் ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை, ஆச்சரியம்.

யாழினி எழுதியது:

அரை மனதோட சம்மதம். வானொலியில் போகும் நேரத்தை அறிவியுங்கோ.

அகரமுதலன் எழுதியது:

கீழாலி பதிவில் இருக்கட்டும்.

நெல்லையார் எழுதியது:

என் வாக்கு இப்போதும் தளர்நரம்புக்கே. எண்ணிக்கையில் தோற்றேன், இலக்கணத்தில் தோற்கவில்லை. இருந்தாலும் தும்பி அனுப்பிய 'ஹிஇலாவே'யைப் பேரன் போட்டுக் காட்டினான், கேட்டேன். அந்த மனிதர் பாடுகிற இடத்தில் குரல் மேலே போய் உடைகிறதே, அதை மறைக்காமல் உடைத்தே காட்டுகிறார். அதைத்தான் அவர்கள் ரசிக்கிறார்களாமே? அடுத்த பகுதியில் ஃபால்செட்டோவுக்குப் 'பொய்க்குரல்' என்று யாராவது எழுதினால் நான் விடப்போவதில்லை, இப்போதே சொல்லிவிட்டேன். 'உச்சக்குரல்' என்றும் வேண்டாம். யோசித்து வையுங்கள்.