மே மாசம், ஒரே நாளில் தஞ்சாவூர்: வயசான அம்மாவும் ரெண்டு பிள்ளைகளும்

உறையூர்க்காரி:
வணக்கம். வர்ற ஞாயிறு திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் போய்ட்டு ராத்திரி திரும்பலாம்னு இருக்கோம். நான், வீட்டுக்காரர், அம்மா (71 வயசு, மூட்டுவலி), பையன் 11, பொண்ணு 7. பெரிய கோயில், அரண்மனை, கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். கத்திரி வேற ஆரம்பிச்சாச்சு. 10 மணிக்குப் போய்ச் சேர்ந்தா சரியா இருக்குமா? பெரிய கோயிலைப் பார்க்கணும்னு அம்மாவுக்குப் பல வருஷ ஆசை.

கீழவாசல்:
பத்து மணி வேண்டாம்மா, தயவுசெய்து. எங்க வீட்டுக்கு மே மாசம் வர்ற சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டுப் போறது நான்தான். ஒரு வருஷம் சின்னம்மாவைப் பதினொன்றரை மணிக்குக் கோயிலுக்குள்ள அழைச்சிட்டுப் போனேன். செருப்பை வெளியே விட்டாச்சு, உள்ளே முற்றம் முழுக்கக் கல் தரை. நார் விரிப்பு போட்ட இடத்தை விட்டு நாலு எட்டு தள்ளி நடந்தாங்க, அவ்வளவுதான், பாதம் கொப்புளிச்சுப் போச்சு. வாரம் முழுக்க நடக்க முடியல. அது என் தப்பு. இன்னைக்கும் உறுத்துது.

முதல் ரயிலைப் பிடிச்சு வாங்க. ஆறு மணிக்கே நடை திறந்துடும், ஏழுக்குள்ள நீங்க உள்ளே இருக்கணும். அம்மாவுக்கு ஒரு ஜோடி பருத்தி சாக்ஸ் எடுத்துக்குங்க. கோயில் கிழக்கு பார்த்தது, அதனால காலையில விமானத்தோட (கருவறைக்கு மேல நிக்கிற பெரிய கோபுரம்) நிழல் பின்பக்கம், கருவூரார் சந்நிதிப் பக்கமா விழும். தரிசனம் முடிஞ்சதும் அங்கே போய் உட்காருங்க. முற்றத்தைச் சுத்தித் தூண் வச்சுக் கட்டின திருச்சுற்று மாளிகையிலயும் வெயில் படாம நடக்கலாம்.

பையன்கிட்ட அதிட்டானத்துல, அதாவது விமானத்தோட அடிப்பீடத்துல, இருக்கிற கல்வெட்டைக் காட்டுங்க. கோயிலுக்குத் தந்ததை எல்லாம் எழுதச் சொல்லும்போது ராஜராஜன் தன்னோட நிறுத்திக்கலை. ‘நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லுல வெட்டச் சொன்னார். அந்த அக்கன் குந்தவை. எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துடும்.

ஒன்பதரைக்குக் கிளம்பி அரண்மனை. அங்க எல்லாத்தையும் பார்க்கணும்னு ஓடாதீங்க. கலைக்கூடத்துல செப்புத்திருமேனிகள் இருக்கிற கூடத்துக்கு நேரா போங்க. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளேயிருந்து கிடைச்ச ரிஷபவாகன தேவர், அதாவது காளையை வாகனமா வச்ச சிவன், அங்கதான் இருக்கார். செஞ்சது 1011, பெரிய கோயில் முடிஞ்சதுக்கு அடுத்த வருஷம். சடையைப் பாம்போட சேர்த்துத் தலைப்பாகை மாதிரி சுத்தி, ஒரு காலை இன்னொண்ணுக்குக் குறுக்கே மாத்தி வச்சு, ஒரு கையை எதுமேலயோ சாய்ச்ச மாதிரி நிப்பார். காளை இல்லை, கை மட்டும் காளைக்காகக் காத்திருக்கும். அவர் முன்னாடி அரைமணி நேரம் நில்லுங்க. பூங்காவை விட்டுடலாம், மத்தியானம் அங்க பிள்ளைங்க வாடிப் போயிடுவாங்க. பன்னிரண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஒரு ரூம் எடுத்து அம்மாவைப் படுக்க வைங்க. வழியில நுங்கு கிடைச்சா விடாதீங்க.

வல்லம் ரோடு:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா சரசுவதி மகாலை விடச் சொல்லாதீங்க. அருங்காட்சியகப் பகுதி சின்னதுதான், அரண்மனைக்குள்ளேயே இருக்கு. சரபோஜி மன்னர் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை பார்த்து, அவங்க கண்களைப் படமா வரைஞ்சு குறிப்பு எழுதி வச்சிருக்கார். 11 வயசுப் பையனுக்கு அதைப் பத்திச் சொல்லி வைங்க. இன்னொண்ணு, பஸ்ல வந்தா புது பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுவாங்க, அங்கிருந்து கோயில் தூரம். ரயில்தான் நல்லது.

கீழவாசல்:
தம்பி சொல்றதை ஒத்துக்கறேன். கால்மணி நேரம் அதுக்கும் வச்சுக்குங்க.

உறையூர்க்காரி:
ரொம்ப நன்றி அக்கா. ஒரு சந்தேகம். கோபுர நிழல் தரையில விழாதுன்னு அம்மா அடிச்சுச் சொல்றாங்க. நீங்க நிழல்ல உட்காரச் சொல்றீங்களே?

கீழவாசல்:
விழும்மா. 200 அடிக்கு மேல கட்டினதுக்கு நிழல் இல்லாம இருக்குமா? சித்திரை, வைகாசி உச்சிப்பொழுதுல சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரா நிக்கிறதால நிழல் விமானத்தோட அடியிலேயே அடங்கிடும். அதைப் பார்த்துச் சொன்ன பேச்சா இருக்கும். காலையிலயும் சாயங்காலமும் நல்லா நீளமா விழும். அம்மாவையே அந்த நிழல்ல உட்கார வச்சுக் காட்டுங்க. முடிஞ்சா அஞ்சு மணிக்கு மேல மறுபடி ஒரு தடவை கோயிலுக்கு வாங்க. அப்போ கல்லோட நிறமே வேற.

உறையூர்க்காரி:
போய்ட்டு வந்தாச்சு அக்கா. ஏழேகாலுக்கு உள்ளே இருந்தோம். கருவூரார் சந்நிதிப் பக்கம் நிழல்ல அம்மா ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க, ‘ஆமாடி, விழுதே’ன்னு அவங்களே சொன்னாங்க. அக்கன் கதையைக் கேட்டதும் போன வருஷம் தவறிப்போன எங்க பெரியம்மாவை நினைச்சு அழுதுட்டாங்க. பையன் கல்வெட்டுல ‘ட’வும் ‘ப’வும் கண்டுபிடிச்சான். பொண்ணு ரிஷபவாகனர் முன்னாடி அதே மாதிரி காலை மாத்தி வச்சு, அண்ணன் தோள்ல கை போட்டு நின்னா. ‘மாடு எங்கம்மா போச்சு?’ன்னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுட்டே வந்தா.

கீழவாசல்:
அம்மா பாதம் நல்லா இருக்கா?

உறையூர்க்காரி:
ஒண்ணும் ஆகல அக்கா. சாக்ஸைக் கழற்றவே இல்லை.