புதுப்பிப்பு: மகளுடன் மல்யுத்தம் பார்ப்பது பற்றி

ஆறு வயது மகள் என்னோடு மல்யுத்தம் பார்த்துவிட்டு, கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சோபாவிலிருந்து தம்பியின்மீது குதித்துவிட்டாள் என்றும், இனிப் பார்ப்பதையே நிறுத்திவிடலாமா என்றும் சென்ற மாதம் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. மாறாக, வீரர்கள் விழும் காட்சிகளை மெதுவாக ஓடவிட்டு, முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரு கைகளையும் விரித்துத் தளத்தில் அறைந்து, மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுவதால்தான் அடியின் வேகம் பரவிக் குறைகிறது என்பதையும், கித்தான் விரிப்புக்கு அடியில் இருப்பது மெல்லிய மெத்தையும் பலகையும்தான் என்பதையும் காட்டினேன்.

“அப்படின்னா தூக்குறவருதான் பத்திரமா இறக்கி விடணுமா, அப்பா?” என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது வீட்டில் தலையணைகள் மட்டுமே எதிரிகள். அந்தக் கால மல்யுத்த வீரர்களான தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய கதையை என் தந்தை சொல்ல, ரெசில்மேனியா என்னும் ஆண்டு மல்யுத்த நிகழ்ச்சியில் அண்டர்டேக்கர் என்ற வீரர் தொடர்ந்து பெற்ற 21 வெற்றிகளை 2014-இல் பிராக் லெஸ்னர் முடித்துவைத்ததை இவள் அவருக்குச் சொல்கிறாள். அந்தப் போட்டியைப் பார்த்த இரவு தேம்பி அழுதாள். அன்று நானும் அப்படித்தான் கலங்கினேன் என்று சொல்லி அணைத்துக்கொண்டேன். அடுத்து, முகமூடி அணிந்த ரே மிஸ்டீரியோவின் பழைய போட்டிகள் வேண்டுமாம். சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.